கேப் ஏறுது அத்தை!

என் தம்பி மகன் சிதம்பரத்தில் இருக்கிறான். நான் கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கிறேன். நடுவில் ஒன்றரை மணி நேர பஸ் பயணம். ஆனால், வாட்ஸ்அப்பில் தினமும் என் காலை காபிக்கு முன்பே வந்துவிடுவான். மற்ற வீட்டுப் பிள்ளைகள் அத்தைக்கு 'குட் மார்னிங்' ரோஜாப்பூ அனுப்புவார்கள். இவன் அனுப்புவது ஹாக்கி வீரர்களின் சம்பளக் கணக்கு.

அவன் ஹாக்கி ஆடுகிறவன். தடுப்பாட்டக்காரன். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் உடற்கல்விப் படிப்பு, கடைசி வருடம். எங்கள் பக்கம் பொங்கல் வந்தால் ஊருக்கு ஊர் கபடிதான். ஹாக்கி என்றால் கோவில்பட்டியைத்தான் கைகாட்டுவார்கள். இவன் மட்டைப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினால், "கிரிக்கெட் மேட்ச்சா தம்பி?" என்று கண்டக்டர்கள் அன்பாகக் கேட்பார்கள். இவனும் "ஆமாண்ணே" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான்.

நான் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் 31 வருடம் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவள். எனக்கு விளையாட்டு தெரியாது, கூட்டல் கழித்தல் தெரியும். அதனால், பணம் சம்பந்தப்பட்ட எதையும் அவன் அப்பாவிடம் சொல்வதற்கு முன்பு என்னிடம் சொல்லிவிடுவான். போன வருடம் அப்படி வந்த செய்திதான் 'கேப் ஏறுது அத்தை!'

"கேப்னா தொப்பிதானே அண்ணி? அது எங்கே ஏறுது?" என்று கேட்டாள் தம்பி மனைவி.

அவளுக்கு நான் சொன்ன விளக்கத்தையே உங்களுக்கும் சொல்கிறேன். கடலூர் முதுநகர் துறைமுகத்தில் மீன் ஏலம் பார்த்திருக்கிறீர்களா? பத்து வியாபாரிகள் நிற்கிறார்கள். யாரும் 10,000 ரூபாய்க்கு மேல் செலவு செய்யக் கூடாது என்று ஒரு விதி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் 'சாலரி கேப்', சம்பள உச்சவரம்பு. இந்த வரம்பு ஒரு மீனுக்கானது அல்ல, ஒரு வியாபாரியின் மொத்தக் கொள்முதலுக்கானது. பெரிய வஞ்சிரம் ஒன்றை 6,000-க்கு எடுத்தவர், மீதி 4,000-க்குள்தான் சங்கராவும் மத்தியும் கூறு கூறாக வாங்கியாக வேண்டும்.

அடுத்த வருடம் வரம்பு 12,000 ஆகிறது. கூடுதல் 2,000 எந்த மீனுக்குப் போகும்? பெரும்பாலும் வஞ்சிரத்துக்குத்தான். நல்ல வஞ்சிரம் ஒன்றிரண்டுதான் இருக்கும், கேட்கிறவர்கள் பத்துப் பேர். மத்தி கூடை கூடையாகக் கிடக்கிறது, அதன் விலை அப்படியே நிற்கும். 'மத்திக் கூறு இந்த விலைக்குக் கீழே கேட்கக் கூடாது' என்று இன்னொரு விதி போட்டால்தான் மத்திக்கும் விலை ஏறும்.

"நம்ம பையன் வஞ்சிரமா, மத்தியா அண்ணி?" என்று கேட்டாள் அவள். அம்மாவிடம் எப்படிப் பதில் சொல்வது? "வளர்ற மீன்" என்றேன்.

அவன் அனுப்பிய செய்தி வட அமெரிக்காவில் பனித்தரையில் ஆடும் ஹாக்கி பற்றியது. நம் ஹாக்கியோடு பெயர் மட்டும்தான் ஒற்றுமை. ஆனால், பணக் கணக்கு கற்றுக்கொள்ள அதைவிட நல்ல பாடம் இல்லை. அமெரிக்க, கனடிய அணிகள் ஆடும் என்.ஹெச்.எல். லீக்கில், உச்சவரம்பு வேண்டும் என்று முதலாளிகளும் வேண்டாம் என்று வீரர்களும் மோதி, 2004-05 சீசன் முழுவதுமே நடக்காமல் போனது. கடைசியில் வீரர்கள் 24 சதவீத சம்பள வெட்டோடு வரம்பை ஏற்றுக்கொண்டார்கள். முதல் வரம்பு ஓர் அணிக்கு 3.9 கோடி டாலர். வருமானம் கூடக் கூட வரம்பும் கூடியது. கொரோனா காலத்தில் 8.15 கோடியில் அப்படியே நின்றது. பிறகு 2024-25 சீசனில் 8.8 கோடி. 2025 ஜனவரியில் அடுத்த மூன்று சீசன்களுக்கும் சேர்த்து அறிவித்துவிட்டார்கள்: 9.55 கோடி, 10.4 கோடி, 11.35 கோடி. மூன்றே வருடங்களில் கிட்டத்தட்ட 29 சதவீத உயர்வு.

ஏறப்போகிறது என்று முன்கூட்டியே தெரிந்தால் என்ன நடக்கும்? 2025 செப்டம்பரில் மின்னசோட்டா வைல்டு அணியின் கிரில் கப்ரிசோவ் 8 வருடத்துக்குக் கையெழுத்துப் போட்டார். வருடத்துக்கு 1.7 கோடி டாலர். நம் பணத்தில் சுமார் 150 கோடி ரூபாய். அந்த லீக்கின் வரலாற்றிலேயே பெரிய ஒப்பந்தம். தம்பி மகன் அதை அனுப்பி, கூடவே எட்டு ஆச்சரியக்குறி போட்டிருந்தான்.

என்னை யோசிக்க வைத்தது அடுத்த வாரம் வந்த செய்தி. எட்மண்டன் ஆயிலர்ஸ் அணியின் கானர் மெக்டேவிட், இன்றைய ஆட்டக்காரர்களில் முதல் வரிசையில் வைத்துப் பேசப்படுகிறவர், இரண்டே வருடத்துக்குத்தான் கையெழுத்துப் போட்டார். அதுவும் வருடத்துக்கு 1.25 கோடி டாலர். அவருடைய பழைய ஒப்பந்தத்திலும் சராசரி அதே 1.25 கோடிதான். தொகை ஒன்று என்பதால் சம்பளம் மாறவில்லை என்று சொல்லிவிடலாமா? நான் காகிதத்தில் போட்டுப் பார்த்தேன். பழைய ஒப்பந்தம் தொடங்கிய 2018-19 சீசனில் வரம்பு 7.95 கோடி. அதில் 1.25 கோடி என்பது 15.7 சதவீதம். புதிய ஒப்பந்தம் தொடங்கும் 2026-27-ல் வரம்பு 10.4 கோடி. அதே 1.25 கோடி இப்போது 12 சதவீதம்தான். மிச்சத்தை அணி மற்ற ஆட்டக்காரர்களுக்குச் செலவிடலாம்.

அவருக்கு அது விருப்பம். அணி பலமாக இருந்தால் கோப்பை கிடைக்கும், இரண்டு வருடத்தில் வரம்பு இன்னும் ஏறியபின் மறுபடி பேசிக்கொள்ளலாம். ஆனால், இதிலிருந்து ஒரு விஷயம் புரிந்தது. வரம்பு ஏறும் காலத்தில், மாறாத தொகைக்கு நீண்ட ஒப்பந்தம் போட்டால் லாபம் அணிக்குத்தான். குறுகிய ஒப்பந்தம் ஆட்டக்காரருக்கு லாபம், நடுவில் கால் உடையாமல் இருந்தால்!

சரி, நம் ஊருக்கு வருவோம். நம் நாட்டு லீக்குகளில் ஏலத்துக்கு முன்பு ஓர் அணி எவ்வளவு செலவிடலாம் என்று அறிவித்துவிடுகிறார்கள். ஹாக்கி இந்தியா லீக் 2013-ல் தொடங்கி 2017-ல் நின்றுபோனது. பிறகு 2024 டிசம்பரில்தான் திரும்ப வந்தது. அதற்கான ஏலத்தில் ஆண்கள் அணி ஒவ்வொன்றுக்கும் 4 கோடி ரூபாய், 24 வீரர்களை எடுக்க வேண்டும். இந்தியக் கேப்டன் ஹர்மன்பிரீத் சிங்கை சூர்மா அணி 78 லட்சத்துக்கு எடுத்தது. மீதி 23 பேருக்கு 3 கோடியே 22 லட்சம். சராசரி 14 லட்சம். அதிலும் 40, 50 லட்சக்காரர்களைக் கழித்தால், பட்டியலின் கடைசியில் இருக்கும் பிள்ளைகளுக்கு அடிப்படை விலைதான் மிஞ்சும். அந்த ஏலத்தில் அடிப்படை விலை 2 லட்சம், 5 லட்சம், 10 லட்சம் என மூன்று படிகளாக இருந்தது.

பெண்களுக்கும் அப்போதுதான் முதன்முதலாக லீக் தொடங்கினார்கள். நல்ல விஷயம். அங்கே ஓர் அணிக்கு 2 கோடி. அதிகபட்ச விலை உதிதாவுக்குக் கிடைத்த 32 லட்சம். மொத்தம் பாதி என்றால் உச்சம் பாதிக்கும் குறைவுதான்.

கபடியில் கணக்கு இன்னும் தெளிவாகத் தெரியும். புரோ கபடி லீக் 2014-ல் தொடங்கியபோது மிகப் பெரிய விலை ராகேஷ் குமாருக்கான 12.80 லட்சம். 2022-ல் பவன் செராவத்தை நம் தமிழ் தலைவாஸ் 2.26 கோடிக்கு எடுத்தது. அடுத்த வருடம் ஓர் அணியின் மொத்த வரம்பு 4.40 கோடியில் இருந்து 5 கோடி ஆனது. அதே பவனை தெலுங்கு டைட்டன்ஸ் 2.605 கோடிக்கு எடுத்தது. வரம்பு ஏறியது சுமார் 14 சதவீதம், நட்சத்திரத்தின் விலை ஏறியது 15 சதவீதம். நம் வஞ்சிரக் கணக்கு.

ஆனால், அந்த வருடம் பேப்பரில் கொட்டை எழுத்தில் வராத ஒரு மாற்றமும் நடந்தது. கடைசிப் பிரிவான 'டி' பிரிவின் அடிப்படை விலையை 6 லட்சத்தில் இருந்து 9 லட்சமாக உயர்த்தினார்கள். ஒன்றரை மடங்கு! 'சி' பிரிவு 10 லட்சத்தில் இருந்து 13 லட்சம். முதல் பிரிவு 30 லட்சத்திலேயே நின்றது. பண்ருட்டிப் பக்கமோ குறிஞ்சிப்பாடிப் பக்கமோ களத்துமேட்டில் ஆடிப் பழகி ஏலத்துக்குப் போகும் பையனுக்கு இந்த 3 லட்சம்தான் பெரிய சேதி. வரம்பு எத்தனை கோடி ஏறினாலும் அடிப்படை விலை ஏறவில்லை என்றால் அவனுக்கு ஒன்றும் வந்து சேராது.

இதற்கும் ஒரு மறுபக்கம் உண்டு. அடிப்படை விலை கூடினால் சில அணிகள் கடைசி நாலைந்து பேரைக் குறைத்துக்கொள்ளப் பார்க்கும். அதனால்தான் என்.ஹெச்.எல்.-லில் உச்சவரம்போடு, ஓர் அணி இவ்வளவுக்குக் குறையாமல் செலவிட்டே தீர வேண்டும் என்று கீழ்வரம்பும் வைத்திருக்கிறார்கள். 2025-26 சீசனில் அது 7.06 கோடி டாலர். கடைசி வீரருக்கும் குறைந்தபட்சச் சம்பளம் உண்டு. அதைப் புதிய ஒப்பந்தக் காலத்துக்குள் 7.75 லட்சம் டாலரில் இருந்து 10 லட்சம் டாலராக உயர்த்துகிறார்கள். இதையெல்லாம் பேசி வாங்கியது வீரர்களின் சங்கம்.

விலை குறைந்தவன் ஆட்டத்திலும் குறைந்தவன் என்று நினைத்துவிடாதீர்கள். 2022-ல் 2.26 கோடி கொடுத்து எடுத்த பவன், முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு சீசன் முழுக்க உட்கார்ந்துவிட்டார். தலைவாஸ் கதை முடிந்தது என்றார்கள். ஏலத்தில் பெரிய விலை எதுவும் இல்லாமல் இளம் வீரராகச் சேர்ந்த நரேந்தர், அந்தச் சீசனில் 200 ரெய்டு புள்ளிகளைத் தாண்டினார். அணி முதல் முறையாக அரையிறுதிக்குப் போனது. அந்த ஆட்டங்களை எங்கள் வீட்டில் குக்கர் விசிலை எண்ணாமல் பார்த்தோம்.

இந்தக் கணக்கெல்லாம் எனக்குப் பொழுதுபோக்காகத்தான் இருந்தது, சில மாதங்களுக்கு முன்பு ஓர் ஏஜென்ட் தம்பி வீட்டுக்கு வரும் வரை. புதிதாகத் தொடங்கும் ஒரு தனியார் லீக், அதில் ஓர் அணி. பெயர் இங்கே தேவையில்லை. 3 லட்சம் ரூபாய், ஒன்றரை மாத ஆட்டம். ஒன்பது பக்க ஒப்பந்தம். மூன்று நாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும்.

தம்பி மகன் தரையில் நிற்கவில்லை. என் தம்பிக்கோ வேறு கவலை. "அக்கா, இவன் அரசு வேலைக்குப் போகணும். விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத ஒதுக்கீடு இருக்கு. அதுக்கு அங்கீகாரம் பெற்ற போட்டியோட சர்டிபிகேட் வேணும். இந்த லீக்குக்குப் போயி, யூனிவர்சிட்டி மேட்ச் விட்டுப்போச்சுன்னா என்ன பண்றது?" சிதம்பரத்தில் சின்ன ஸ்டேஷனரி கடை வைத்திருப்பவன் அவன். மட்டைக்கும் ஷூவுக்கும் வாங்கிய கடனை இன்னும் மாதாமாதம் கட்டிக்கொண்டிருக்கிறான். அவன் கேட்டதில் தப்பே இல்லை.

பையனும் விடவில்லை. "அத்தை, நம்ம பக்கத்து மாவட்டம் அரியலூர். அங்கேருந்து கார்த்தி அண்ணன் இந்தியாவுக்கு ஆடலையா? 2022 ஆசியக் கோப்பையில முதல் மேட்ச்சே பாகிஸ்தானுக்கு எதிரா, அதுலயே கோல்! தமிழ்நாடு டிராகன்ஸ்லயும் ஆடினாரு. பெரிய ஆட்டக்காரங்ககூட ஆடினாத்தானே நான் வளர முடியும்?" அவன் சொன்னதிலும் தப்பில்லை.

ஒப்பந்தத்தை எடுத்துக்கொண்டு கடலூருக்கு வா என்றேன். இரவு முழுக்க உட்கார்ந்து படித்தோம். நான் கடைசிப் பக்கத்தில் இருந்து தொடங்கினேன். சங்கத்தில் கடன் பத்திரம் பார்த்துப் பழகிய பழக்கம். முதல் பக்கத்தில் தொகை இருக்கும், கடைசிப் பக்கங்களில் நிபந்தனை இருக்கும்.

7-ம் பக்கத்தில் இருந்தது அந்த வரி. இந்தச் சீசன் முடிந்ததும், அடுத்த இரண்டு வருடங்களுக்கு இதே தொகையில் ஒப்பந்தத்தை நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. அணிக்கு மட்டும். அதே ஒப்பந்தத்தின் 2-ம் பக்கத்தில், லீக்கின் அணி வரம்பு ஒவ்வொரு வருடமும் உயர்த்தப்படும் என்று பெருமையாக அச்சடித்திருந்தார்கள்.

"டேய், மெக்டேவிட் கணக்கு ஞாபகம் இருக்கா?" என்றேன். அவன் முகம் மாறியது. அவனே பேனா எடுத்துப் போட்டான். வரம்பு வருடம் 20 சதவீதம் ஏறினால், இன்று 100 ரூபாயில் அவன் பங்கு 1 ரூபாய் என்றால், மூன்றாவது வருடம் அது 70 காசுகூட இல்லை. அவன் நன்றாக ஆடி, வேறு அணி 10 லட்சத்துக்குக் கேட்டாலும் போக முடியாது. மோசமாக ஆடினால் மட்டும் அணி கைகழுவிவிடலாம். மெக்டேவிட் தெரிந்து விட்டுக்கொடுத்தார். இவன் தெரியாமல் விட்டுக்கொடுக்க இருந்தான்.

5-ம் பக்கத்தில் இன்னொன்று. காயம் பட்டால் ஆடிய ஆட்டங்களுக்கு மட்டும் பணம். சிகிச்சைச் செலவு யாருடையது என்று ஒரு வார்த்தை இல்லை. அகில இந்தியப் பல்கலைக்கழகப் போட்டிக்கு விடுவிப்பார்களா என்பதும் இல்லை.

மறுநாள் காலை ஏஜென்ட்டுக்கு மூன்று கேள்விகளை எழுதி அனுப்பினோம். பையனின் கை நடுங்கியது. "வேணாம்னு சொல்லிட்டா என்ன அத்தை பண்றது?" நானும் உள்ளுக்குள் பயந்துகொண்டுதான் இருந்தேன். அவனைப் போல நூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். நமக்குப் பின்னால் சங்கம் கிடையாது, வக்கீல் கிடையாது. ஓர் அத்தையும் ஒரு கால்குலேட்டரும்தான். என் தம்பி கடையில் வியாபாரத்தைப் பார்க்காமல் அரை மணிக்கு ஒரு தரம் போன் செய்தான்.

இரண்டு நாள் பதில் இல்லை. மூன்றாம் நாள் மாலை வந்தது. பல்கலைக்கழகப் போட்டிக்கு 12 நாள் விடுவிக்கிறோம், ஆட்சேபம் இல்லை. சிகிச்சைச் செலவை அணி ஏற்கும், ஆனால் ஆடாத ஆட்டத்துக்குப் பணம் கிடையாது. நீட்டிப்பு உரிமை இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடம், அந்த வருடம் வரம்பு எத்தனை சதவீதம் ஏறுகிறதோ அத்தனை சதவீதம் இவன் தொகையும் ஏறும். 3 லட்சத்தில் ஒரு ரூபாய்கூட ஏற்றவில்லை.

கையெழுத்துப் போட்டான். அவன் அப்பாவும் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். ஒரு லீக் நாளைக்கே நின்றுபோகலாம். ஹாக்கி இந்தியா லீக்கே ஏழு வருடங்கள் நடக்கவில்லையே! அதற்கு முன்பு 2012-ல் நடந்த உலகத் தொடர் ஹாக்கியில் சென்னை சீட்டாஸ் என்று நமக்கு ஓர் அணி இருந்தது, நினைவிருக்கிறதா? ஒரே ஒரு சீசனோடு அந்தத் தொடரே முடிந்துபோனது. அதனால்தான் படிப்பையும் சர்டிபிகேட்டையும் விடாதே என்று அவனிடம் சத்தியம் வாங்காத குறையாகச் சொல்லியிருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் மட்டையோ, பந்தோடோ, கபடி ஷூவோடோ ஒரு பிள்ளை இருக்கலாம். கோடிகளில் போன ஆட்டக்காரரின் படத்தை அவன் உங்களிடம் காட்டுவான். பார்த்து மகிழுங்கள். கூடவே ஐந்து விஷயங்களையும் கேட்டுவையுங்கள்: அந்த லீக்கில் கடைசி ஆட்டக்காரருக்கு என்ன கிடைக்கிறது? பணம் எத்தனை தவணை, கடைசித் தவணை எப்போது? ஏஜென்ட் பங்கு எவ்வளவு? அடிபட்டால் ஆஸ்பத்திரிச் செலவு யாருடையது? அடுத்த வருடம் யார் விருப்பம்?

எங்கள் பையனின் முதல் தவணை போன மாதம் வந்தது. 3 லட்சத்தில் 20 சதவீதம், 60,000 ரூபாய். வருமான வரிப் பிடித்தம் 6,000, ஏஜென்ட்டுக்கு 9,000 போக, கையில் 45,000. அதில் மட்டைக் கடனை அடைத்துவிட்டு, மீதியை அம்மாவிடம் கொடுத்தான். அவள் எண்ணிப் பார்த்துவிட்டு எனக்கு போன் செய்தாள்.

"அண்ணி, 3 லட்சம்னாங்க. மீதி எப்ப வரும்?"

"பாதி, போட்டி முடிஞ்சு 90 நாளைக்குள்ள. ஒன்பதாம் பக்கத்துல இருக்கு" என்றேன்.

"சரி அண்ணி, காலண்டர்ல குறிச்சு வெச்சிடறேன்" என்றாள்.